தரையில் கிடக்கும் சில்லறை: குனியலாமா, கடந்து போகலாமா?

நடைபாதை

கீழே கிடக்கும் காசை எடுப்பதா விடுவதா என்று கேட்டால், முக்கால்வாசிப் பேர் அதன் மதிப்பைத்தான் முதலில் பார்க்கிறார்கள். அந்தக் கணக்கு லேசானது. குனிந்து எடுத்து நிமிர 5 விநாடி ஆகும் என்று வையுங்கள். அந்த வேகத்தில் மணிக்கு 720 காசு. டாலர், யூரோ போன்றவற்றில் நூறில் ஒரு பங்கு மதிப்புள்ள சின்னக் காசானாலும் மணிக்கு 7.20 டாலர் அல்லது யூரோ என்ற வீதம் வருகிறது. இது வழியில் தானாகக் கண்ணில் பட்டதற்கு மட்டும் பொருந்தும். தேட ஆரம்பித்தால் கணக்கு கவிழ்ந்துவிடும்.

மதிப்பை விட முக்கியம், காசு கிடக்கும் இடம். வண்டி ஓடும் தடத்தில் கிடந்தால் எவ்வளவு பெரிய காசானாலும் விட்டுவிடுங்கள். லாரி, பேருந்து போன்ற உயரமான வண்டிகளின் முகப்புக்குக் கீழே குனிந்திருக்கும் ஆள் ஓட்டுநர் கண்ணுக்குத் தெரியவே மாட்டார். சிக்னலில் நிற்கிற வண்டிக்கு முன்னால் குனிவதும் அதே ஆபத்துதான். நகரும் படிக்கட்டின் இரு முனைகளிலும் சீப்பு மாதிரிப் பற்களோடு ஒரு தகடு இருக்கும். அந்தப் பற்களுக்கு இடையே சிக்கிய காசின் பக்கம் விரலே போகக் கூடாது.

பாதுகாப்பான இடமென்றால் முதலில் செருப்பு நுனியால் லேசாகத் தள்ளிப் பாருங்கள். நகராவிட்டால் பசை போட்டு ஒட்டியிருக்கும், இல்லையென்றால் தாரில் புதைந்திருக்கும். வழவழப்பான தரையில் நகம் நுழையாது. அட்டை ஒன்றின் ஓரத்தை அடியில் கொடுத்தால் எழும்பிவிடும். கூட்டமான இடத்தில் உங்கள் காலடியிலேயே யாராவது சில்லறையைச் சிதறவிட்டால், குனிவதற்கு முன் பையை முன்பக்கம் இழுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் குனிந்திருக்கும் நேரத்தில் சிதறவிட்டவரின் கூட்டாளி உங்கள் பையில் கை வைப்பது பல ஊர்களிலும் நடக்கிற பழைய தந்திரம்.

உலோகம்

தொலைநோக்கிக் குழல் மாதிரி நீளும் காந்தக்கோல் வாங்கினால் குனிய வேண்டாமே என்று நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அது எஃகுக் காசை மட்டும்தான் தூக்கும். யூரோவில் 1, 2, 5 சென்ட் செம்பு பூசிய எஃகு, ஒட்டும். 10, 20, 50 சென்ட் 89 விழுக்காடு செம்பு உள்ள கலவை, ஒட்டாது. பிரிட்டனின் 1, 2 பென்னி 1992-லிருந்து எஃகுக்கு மாறின, 5, 10 பென்னி 2012-இல் மாறின. அமெரிக்கக் காசுகளில் ஒட்டுவது அநேகமாக 1943-ஆம் ஆண்டு சென்ட் மட்டும்தான். போருக்குச் செம்பு தேவைப்பட்டதால் அந்த ஒரு வருடம் எஃகில் அடித்தார்கள்.

அழுக்கைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். செம்பு நிறைந்த பரப்பில் பாக்டீரியாக்கள் சில மணி நேரத்தில் சாகும். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2008-இல் செம்புக் கலவைகளை நுண்ணுயிர் கொல்லும் பரப்பாகவே பதிவு செய்தது. துருப்பிடிக்காத எஃகுக்கு அந்தக் குணம் கிடையாது. அதனால் பளபளவென்று இருக்கும் காசு சுத்தமானது என்று அர்த்தமில்லை. செம்பின் மேல் சேறும் எண்ணெயும் படிந்திருந்தால் அதுவும் வேலை செய்யாது. எந்தக் காசானாலும் எடுத்த கையைச் சோப்புப் போட்டுக் கழுவும் வரை வாய், கண் பக்கம் கொண்டுபோகாமல் இருந்தால் போதும்.

குழந்தைகளும் நாய்களும்

பெரியவர்கள் கையைக் கழுவினால் விஷயம் முடிந்தது. குழந்தைகள் இருக்கும் வீட்டில் எடுத்த காசு எங்கே போகிறது என்பதுதான் கவலை. அதைவிடப் பெரிய கவலை, காசு என்று நினைத்து எடுப்பது காசாகவே இல்லாமல் போவது. சிஆர்2032 பொத்தான் பேட்டரி 20 மில்லிமீட்டர் அகலம், 3.2 மில்லிமீட்டர் கனம். தரையில் அழுக்கோடு கிடந்தால் சின்னக் காசு மாதிரியே இருக்கும். திருப்பிப் பாருங்கள்: ஒரு பக்கம் கூட்டல் குறி, ஓரத்தில் படி போல் ஒரு வெட்டு.

குழந்தை அதை விழுங்கி உணவுக்குழாயில் தங்கிவிட்டால், ஈரத்தில் மின்னோட்டம் பாய்ந்து எதிர்மின் முனை (கழித்தல்) பக்கம் காரம் உண்டாகும். 2 மணி நேரத்துக்குள் தசை வெந்துவிடும். எக்ஸ்ரேயில் சாதாரணக் காசு ஒரே வட்டமாகத் தெரியும், பேட்டரி இரட்டை வளையமாகத் தெரியும். விழுங்கியது காசா பேட்டரியா என்று சந்தேகம் இருந்தாலே பேட்டரி என்றே வைத்துக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடுங்கள். வாந்தி எடுக்க வைக்காதீர்கள். 1 வயது நிறைந்த குழந்தை, விழுங்கி 12 மணி நேரத்துக்குள் இருந்து, விழுங்க முடிகிற நிலையில் இருந்தால், போகும் வழியில் 10 நிமிடத்துக்கு ஒரு முறை 10 மில்லி தேன் கொடுக்கலாம். அதிகபட்சம் 6 முறை. தேன் வாங்குவதற்காகப் பயணத்தைத் தாமதிக்கக் கூடாது.

நாய் வளர்ப்பவர்கள் துத்தநாகக் காசில் கவனமாக இருங்கள். அமெரிக்க சென்ட் 1982-இல் மாறியபின் 97.5 விழுக்காடு துத்தநாகம், மேலே செம்புப் பூச்சு மட்டும். நாய் விழுங்கினால் துத்தநாகம் வயிற்று அமிலத்தில் கரைந்து இரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். வாந்தி, வெளிறிய ஈறு, கருத்த சிறுநீர் தெரிந்தால் உடனே கால்நடை மருத்துவரிடம் போக வேண்டும்.

சட்டம்

யாருடையது என்றே தெரியாத ஒற்றைக் காசுக்குப் பயப்பட வேண்டாம். 1860-ஆம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 403-ஆம் பிரிவு இதையே எடுத்துக்காட்டாகத் தந்தது: பெருவழியில் ஒரு ரூபாய் கிடக்கிறது, உரியவர் யாரென்று தெரியாமல் ஒருவர் எடுக்கிறார், அது குற்றமல்ல. இப்போது அதன் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதாவின் 314-ஆம் பிரிவு இருக்கிறது. அதே பிரிவில் இன்னோர் எடுத்துக்காட்டும் உண்டு. ஒருவர் பணப்பையைத் தவறவிடுவதைப் பார்த்து, திருப்பித் தரலாம் என்று எடுத்து, பிறகு மனம் மாறி வைத்துக்கொண்டால் குற்றம். ஆக, உரியவரைப் பார்த்துவிட்டாலோ, அவரைக் கண்டுபிடிக்க வழி இருந்தாலோ நிலைமை மாறிவிடுகிறது.

கடைக்குள் கிடந்தால்? இங்கிலாந்தில் 1851-இல் பிரிட்ஜஸ் எதிர் ஹாக்ஸ்வர்த் வழக்கில், கடைத்தரையில் கிடந்த நோட்டுக்கட்டு, உரியவர் வராதபோது எடுத்தவருக்கே என்று தீர்ப்பானது. எல்லா நாட்டிலும் அப்படியில்லை. ஜப்பானில் காவல் நிலையத்தில் ஒப்படைத்து, 3 மாதத்துக்குள் உரியவர் வராவிட்டால்தான் எடுத்தவருக்கு. நீரூற்றில் போட்ட காசு தவறவிட்டது அல்ல, வேண்டுமென்றே போட்டது. ரோமின் டிரெவி நீரூற்றுக் காசு காரித்தாஸ் தொண்டு நிறுவனத்துக்குப் போகிறது. அதில் கை வைக்காதீர்கள்.

பழங்காசு

எடுத்ததும் சட்டையில் தேய்க்கிற பழக்கத்தைத் தயவுசெய்து விடுங்கள். ஒட்டியிருக்கும் மணல் துகள் முகப்பு முழுக்கக் கீறல் போட்டுவிடும். முதலில் வருடத்தையும் ஓரத்தையும் பாருங்கள். இன்று புழக்கத்தில் உள்ள காசென்றால் வெதுவெதுப்பான தண்ணீரில் 2 சொட்டுப் பாத்திரச் சோப்பு, 15 நிமிடம் ஊறல், விரலால் அலசல், ஒற்றி உலர்த்தல். அவ்வளவே. தார் ஒட்டியிருந்தால் மண்ணெண்ணெயில் இளகும், பிறகு சோப்புத் தண்ணீர்.

வினிகரும் உப்பும் செம்புக் காசைச் சட்டென்று மினுக்கும் என்பது உண்மைதான். கழுவாமல் அப்படியே உலரவிட்டால் பச்சை பூத்துவிடும். செம்புக் காசையும் எஃகுக் காசையும் ஒரே கிண்ணத்தில் போட்டால் கரைந்த செம்பு எஃகின் மேல் படிந்து ரோஸ் நிறமாகிவிடும்.

பழைய காசென்றால் இது எதுவும் வேண்டாம். காய்ச்சி வடித்த நீரில் ஊறவிட்டு, நீர் கலங்கும்போதெல்லாம் மாற்றுங்கள். பசை, எண்ணெய்க்குக் கலப்பில்லாத அசிட்டோன், கண்ணாடிக் கிண்ணத்தில், காற்றோட்டமான இடத்தில், நெருப்பு பக்கத்தில் இல்லாமல். அது உலோகத்தைத் தொடாது. காலப்போக்கில் படிந்த பழுப்பு நிறம் காசைக் காக்கும் படலம். அதைச் சுரண்டிய காசைத் தரம் பிரிப்பவர்கள் ‘சுத்தம் செய்யப்பட்டது’ என்று தனியே ஒதுக்கிவிடுவார்கள், விலையும் இறங்கிவிடும்.

இயந்திரப் பழுது

வளைந்த காசைத் தானியங்கி இயந்திரத்தில் போடாதீர்கள். விட்டம், கனம், மின்காந்த அடையாளம் மூன்றையும் அது அளக்கிறது. வண்டி ஏறி நசுங்கியது உள்ளே போனாலும் வழியில் சிக்கி, பின்னால் வருகிற காசையெல்லாம் அடைத்துவிடும். சமதளத்தில் வைத்துத் தட்டுங்கள். தள்ளாடினால் கையில் கொடுத்துச் செலவழிப்பதே நல்லது.