சனிக்கிழமை பன்றி வேட்டைக்குக் கூப்பிடுகிறார்கள், எந்த பிராட்ஹெட் வாங்குவது?

பிரிக்ஃபீல்ட்ஸ் புதுசு: வணக்கம். கோயம்புத்தூரிலிருந்து கோலாலம்பூர் வந்து ஏழு வாரம் ஆகிறது. ஊரில் ரிகர்வ் வில்லில் (நுனி வளைந்த, கப்பி இல்லாத வில்) இலக்குப் பயிற்சி மட்டும் செய்திருக்கிறேன். ஆபீஸ்காரர் ஒருவர் சனிக்கிழமை பகாங் பக்கம் செம்பனைத் தோட்டத்துக்குக் காட்டுப்பன்றி வேட்டைக்குக் கூப்பிடுகிறார். இங்கே என்னோடு பேசுகிற ஒரே ஆள் அவர்தான், மறுக்க மனமில்லை. அம்பு நுனியில் மாட்டும் வேட்டை அலகு, அதான் பிராட்ஹெட், எது நல்லது? இன்றே ஆர்டர் போட வேண்டும்.

செந்தூல் அண்ணன்: தம்பி, 2009-ல் நான் வந்தபோது எனக்கு மெத்தையே கிடையாது. மூன்று மாதம் பேப்பர் விரித்துப் படுத்தேன். வேட்டை கிடக்கட்டும், வீட்டு ஒப்பந்தத்துக்கு ஸ்டாம்ப் அடித்தாயா?

கிள்ளான்காரன்: மெக்கானிக்கல் எடுங்கள். பறக்கும்போது மூடியிருக்கும், பட்டதும் விரியும். நான் அதைத்தான் போடுகிறேன்.

ஈப்போ அக்கா: நீங்கள் விடுவது காம்பவுண்ட், கப்பி வைத்த விசை கூடிய வில். ரிகர்வ்காரருக்கு அதைச் சொல்லிக் கெடுக்காதீர்கள். அலகு விரியவே விசை செலவாகும், அப்புறம் பன்றியின் தோள் தோலைத் துளைக்க என்ன மிஞ்சும்? இரண்டு அலகு, அசையாத வகை, எடை 125 கிரெயின் (சுமார் 8 கிராம்). அது இருக்கட்டும், வில்லை இழுக்க எத்தனை பவுண்டு விசை?

செந்தூல் அண்ணன்: டெபாசிட்டைப் பற்றி யாருமே பேசவில்லை. காலி செய்தபோது சுவரில் ஆணி அடித்தேன் என்று வீட்டுக்காரர் 600 வெள்ளி (ரிங்கிட்) பிடித்துக்கொண்டார். அந்த ஆணி எனக்கு முன்பே அங்கே இருந்தது லா.

கிள்ளான்காரன்: எனக்கு 900 வெள்ளி. திரைச்சீலையில் கறையாம்!

பிரிக்ஃபீல்ட்ஸ் புதுசு: வில்லில் 38 என்று எழுதியிருக்கிறது. என் இழுப்பு 27 அங்குலம். கார்பன் அம்பு, எடை பார்த்ததில்லை. தோட்டக்காரரிடம் சொல்லியாகிவிட்டதாம். வேறு உரிமம் வேண்டுமா?

பினாங்கு வில்லாளி: இப்போதுதான் கதை முழுசாக வருகிறது. அந்த 38 பவுண்டு 28 அங்குல இழுப்புக்கு. உங்கள் கையில் 36 வந்தாலே பெரிது. அமெரிக்காவில் பல மாநிலங்களில் மானுக்கே 40 பவுண்டு கேட்கிறார்கள். காயம்பட்ட பன்றி புதருக்குள் ஓடினால் இருட்டில் தேடிப் போக வேண்டியது நீங்கள்தான்.

தோட்டக்காரர் சம்மதம் வேறு, உரிமம் வேறு. 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி காட்டுப்பன்றிக்கும் பெர்ஹிலித்தான் எனும் வனவிலங்குத் துறையின் உரிமம் வேண்டும். வெளிநாட்டவருக்கு, அதுவும் வில்லுக்குத் தருவார்களா என்று சேராஸ் தலைமையகத்தில் நேரில் கேளுங்கள். வேலை பாஸில் இருப்பவர் வழக்கில் சிக்கினால் பாஸும் ஆட்டம் காணும்.

பின்னால் வாங்கினால் அக்கா சொன்னதையே வாங்குங்கள். பயிற்சிக்கு அதே எடையில் ஃபீல்டு பாயின்ட், அதாவது அலகில்லாத பயிற்சி முனை, போதும், பிராட்ஹெட் விட்டால் கிளப் இலக்கு கிழிந்துபோகும். மாட்டியதும் முனையை மேசைமேல் ஊன்றி அம்பைச் சுழற்றிப் பாருங்கள். முனைக் கழுத்து நடுங்கினால் கோணலாக ஏறியிருக்கிறது. இந்த ஊர் ஈரத்தில் அலகு சீக்கிரம் துருப்பிடிக்கும், வாசலின் தடவி வையுங்கள்.

பிரிக்ஃபீல்ட்ஸ் புதுசு: ஆபீஸ்காரரிடமே கேட்டேன். உரிமம் அவரிடமும் இல்லையாம்! வேட்டைக்குப் பதில் வாழையிலைச் சாப்பாடு என்றேன், உடனே சரி என்றார். செந்தூல் அண்ணே, அந்த ஸ்டாம்ப் எங்கே அடிப்பது?