500 கனெக்‌ஷன் காட்டினால் வேலை கிடைக்குமா?

#1 வானம்பாடி21
இயந்திரவியல் இறுதி ஆண்டு படிக்கிறேன். பருவம் தொடங்கியதும் எங்கள் துறை ஆசிரியர் ஒருவர் எல்லோரையும் வேலைத் தொடர்புகளுக்கான வலைத்தளமான லிங்க்ட்இன்னில் கணக்குத் திறக்கச் சொன்னார். அதோடு விடவில்லை. பருவம் முடிவதற்குள் 500 கனெக்‌ஷன் காட்ட வேண்டுமாம், அதற்கு உள்மதிப்பெண் உண்டாம். வகுப்பில் 60 பேர். எங்களுக்குள்ளேயே சேர்த்துக்கொண்டதில் ஆளுக்கு 59 ஆயிற்று. மீதி 441-க்கு முகம் தெரியாதவர்களுக்கெல்லாம் அழைப்பு அனுப்பிக்கொண்டிருக்கிறோம். என் அறைத்தோழன் நேற்று ஒரு பல் மருத்துவருக்கு அனுப்பினான், நானும் அனுப்பினேன். ராத்திரி பதினோரு மணி வரைக்கும் இதுதான் வேலை. உண்மையிலேயே இதனால் வேலை கிடைத்தவர்கள் இங்கே யாராவது இருக்கிறீர்களா?

#2 முனகல்மன்னன்
கிடைக்காது. மூடிவிட்டுப் போய்ப் படியுங்கள்.

வாய்க்கு வந்ததைச் சொல்லவில்லை. நானும் மூன்று வருடம் அங்கே குடியிருந்தவன்தான். ஃபீடைத் திறந்தாலே "அறிவிப்பதில் பெருமகிழ்ச்சி அடைகிறேன்" என்று ஆரம்பிக்கும் பத்து போஸ்ட். இரண்டு மணி நேர ஆன்லைன் வகுப்புக்கு ஒரு சான்றிதழ், சான்றிதழுக்கு ஒரு போஸ்ட், போஸ்டுக்கு வகுப்பே திரண்டு வந்து வாழ்த்து. வாழ்த்துகிறவர்களில் வேலை கொடுக்கும் இடத்தில் இருப்பவர் எத்தனை பேர்? வரிசையில் நிற்கிறவன் வரிசையில் நிற்கிறவனுக்கே கைதட்டுகிறான். வரிசை ஓர் அடி கூட நகரவில்லை.

#3 கொக்கி
மன்னரே, சந்தையில் இரைச்சல் என்பதற்காகச் சந்தையே வேண்டாம் என்கிறீர்கள்.

500 கணக்கு அபத்தம், அதில் எனக்கும் சந்தேகமில்லை. எண்ணிக்கை 500-ஐத் தாண்டினால் ப்ரொஃபைலில் "500+" என்று மட்டும்தான் காட்டும், அதனால் அது ஏதோ பட்டம் மாதிரி ஆகிவிட்டது. ஆனால் அந்தத் தளத்தில் மாணவர்கள் பெரும்பாலும் எட்டிக்கூடப் பார்க்காத ஒரு மூலை இருக்கிறது. உங்கள் கல்லூரியின் பக்கத்துக்குப் போனால் முன்னாள் மாணவர்கள் என்று ஒரு பகுதி வரும். எங்கே வேலை செய்கிறார்கள், என்ன வேலை, என்ன படித்தார்கள் என்று அதில் வடிகட்டலாம். நான் அதில்தான் பம்ப் வடிவமைப்பில் இருக்கும் ஒன்பது சீனியர்களைக் கண்டுபிடித்தேன். ஆறு பேருக்கு எழுதினேன், இரண்டு பேர் பதில் போட்டார்கள். ஒருவர் இருபது நிமிடம் போனில் பேசினார். என் டிராயிங்கைப் பார்த்துவிட்டு "டாலரன்ஸ் போடத் தெரியவில்லை, முதலில் அதைப் படி" என்றார். ஓர் அளவு எவ்வளவு கூடலாம், குறையலாம் என்ற வரம்பு அது. படித்தேன். ஆறு மாதம் கழித்து அவர் பிரிவில் ஓர் இடம் காலியானபோது, விளம்பரம் வருவதற்கு முன்பே எனக்குச் சொன்னார். நேர்காணலில் நான்தான் தேற வேண்டியிருந்தது. ஆனால் அந்தக் கதவு அங்கே இருக்கிறது என்பதே எனக்குத் தெரிந்திருக்காது.

இது என் ஒருவன் கதை மட்டும் இல்லை. மார்க் கிரானவெட்டர் என்ற சமூகவியலாளர் 1973-லேயே இதை எழுதிவிட்டார். தெரிந்தவர் மூலம் வேலை கிடைத்தவர்களிடம் "தகவல் சொன்னவரை அப்போது எவ்வளவு அடிக்கடி பார்ப்பீர்கள்?" என்று கேட்டார். அடிக்கடி என்றவர்கள் 16.7 சதவீதம், எப்போதாவது 55.6, அரிதாக 27.8. நெருங்கிய நண்பனுக்குத் தெரிந்தது பெரும்பாலும் நமக்கும் தெரிந்திருக்கும். தூரத்து அறிமுகம்தான் புதுச் செய்தி கொண்டுவரும்.

#4 முனகல்மன்னன்
சதவீதத்தைச் சொன்னீர்கள், ஆள் கணக்கைச் சொல்லவில்லையே? மொத்தம் 54 பேர். அதாவது 9, 30, 15. பாஸ்டனுக்குப் பக்கத்தில் ஒரு புறநகரில், ஏற்கெனவே வேலையில் இருந்து வேறு வேலைக்கு மாறியவர்கள். கல்லூரி மாணவர்கள் இல்லை.

இன்னொன்று. அவர் சொன்ன தூரத்து அறிமுகம் யார்? பழைய கல்லூரி நண்பன், முன்னாள் சக ஊழியர், அப்படிப்பட்டவர்கள். ஒரு காலத்தில் ஒன்றாக உட்கார்ந்து வேலை பார்த்தவர்கள். இவன் எப்படி வேலை செய்வான் என்று அவர்களுக்குத் தெரியும். வானம்பாடியின் பல் மருத்துவருக்கு என்ன தெரியும்? அது தூரத்து அறிமுகம் கூட இல்லை ஐயா, உறவே இல்லை.

#5 சல்லடை
நான் மேசையின் அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவள். நடுத்தர நிறுவனம் ஒன்றில் புதியவர்களைத் தேர்ந்தெடுக்கும் குழுவில் இருக்கிறேன். ஒரு இடத்துக்கு அறிவிப்புப் போட்டால், ஒரே அழுத்தில் விண்ணப்பிக்கும் பொத்தான் புண்ணியத்தில் மறுநாள் காலைக்குள் நூற்றுக்கணக்கில் வந்து விழும். பாதிப் பேர் அறிவிப்பைப் படிக்கவே இல்லை என்பது முதல் வரியிலேயே தெரியும்.

ரெஸ்யூமே தேறினால் ப்ரொஃபைலைத் திறந்து ஒரு நிமிடம் பார்ப்பேன். தேதிகள் ஒத்துப்போகின்றனவா, செய்த வேலைக்குப் படமோ இணைப்போ இருக்கிறதா, அவ்வளவுதான். கனெக்‌ஷன் எண்ணிக்கையில் என் கண் நின்றதே இல்லை. பெயருக்குக் கீழே வரும் தலைப்பு வரிக்கு 220 எழுத்து இடம் இருக்கிறது. அதில் "கனவு காண்பவன், மாற்றத்தை விரும்புபவன், நாளைய தலைவன்" என்று எழுதுகிறார்கள். தம்பி, நாளைய தலைவரை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? இன்றைக்கு எனக்கு, பீஸைப் பிடித்து நிறுத்தும் ஃபிக்ஸ்சரை வரையத் தெரிந்த ஆள் வேண்டும்.

கொக்கி சொல்வதும் நடக்கிறது. எங்கள் ஊழியர் யாராவது "இந்தப் பையனோடு பேசியிருக்கிறேன், விஷயம் தெரிந்தவன்" என்று ஒரு வரி எழுதி அனுப்பினால், அந்த ரெஸ்யூமே குவியலுக்கு மேலே வந்துவிடும். அது நியாயமா என்று கேட்காதீர்கள்.

#6 முனகல்மன்னன்
கேட்காமல் எப்படி விடுவது? நான் இதுவரை சொன்னதிலேயே முக்கியமானது இதுதான்.

முன்பெல்லாம் மாமா, சித்தப்பா சிபாரிசு. இப்போது அதற்கு ஒரு தளம், ஒரு செயலி, ஒரு நாகரிகமான பெயர். வீட்டில் முதல் பட்டதாரி, போன வருடம் தொடங்கிய கல்லூரி, சீனியர் என்று சொல்ல ஆளே இல்லை. அவன் அந்த வடிகட்டியில் என்னத்தைப் போட்டு வடிகட்டுவான்? இருப்பவனுக்கே மேலும் சேர்க்கும் ஏற்பாட்டை "நெட்வொர்க்கிங்" என்று பாடமாக நடத்துவதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

#7 கொக்கி
இது நியாயமான கேள்வி. மழுப்பவில்லை. ஆனால் எனக்கும் மாமா கிடையாது, சித்தப்பா கிடையாது. முகம் தெரியாத ஒருவருக்கு நானே எழுதலாம் என்ற வழி இல்லாவிட்டால் எனக்கு எந்த வழியும் இருந்திருக்காது. சிபாரிசு உள்ள வீட்டுப் பையனுக்கு இந்தத் தளமே தேவையில்லையே?

54 பேர் போதாது என்றால் 2 கோடிப் பேர் போதுமா? 2022-ல் சயின்ஸ் இதழில் ஓர் ஆய்வு வந்தது. "உங்களுக்குத் தெரிந்தவராக இருக்கலாம்" என்று லிங்க்ட்இன் காட்டும் பரிந்துரைகளை ஐந்து ஆண்டுகள் வேண்டுமென்றே மாற்றி மாற்றிக் காட்டிப் பார்த்தார்கள். சிலருக்கு நெருங்கிய வட்டம், சிலருக்குத் தூரத்து வட்டம். புதிதாகச் சேர்ந்த வேலைகள் மட்டும் சுமார் 6 லட்சம். வேலை மாறுவதற்கு அதிகம் உதவியவர்கள் நெருங்கியவர்களும் இல்லை, சுத்தமாக ஒட்டாதவர்களும் இல்லை. இருவருக்கும் பொதுவான நண்பர்கள் சிலர் இருந்து, நடுத்தரத் தூரத்தில் இருப்பவர்கள். பல் மருத்துவர் விஷயத்தில் உங்களோடு நானும் ஒத்துப்போகிறேன் என்பதைக் கவனிக்கவும்.

#8 முனகல்மன்னன்
அதே ஆய்வை நானும் படித்தேன். கணினி சார்ந்த துறைகளில்தான் தூரத்து அறிமுகம் நன்றாக வேலை செய்கிறது, கணினிப் பயன்பாடு குறைவாக உள்ள துறைகளில் நெருங்கிய உறவே அதிகம் உதவுகிறது என்றும் அதில் இருக்கிறது. கேள்வி கேட்டவர் இயந்திரவியல். அதைச் சொல்ல மறந்துவிட்டீர்கள்.

அப்புறம், அந்த 2 கோடிப் பேரிடம் "உங்களை வைத்துச் சோதனை செய்கிறோம்" என்று தனியாக யாரும் கேட்கவில்லை. நம் பிழைப்பு அவர்களுக்கு ஆய்வுக்கூடம்.

#9 தூக்கமில்லாதவள்
இரண்டு ஆண்களும் புள்ளிவிவரத்தில் மல்லுக்கட்டுவதை அரை மணி நேரமாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். நான் வரலாறு, ஆவணக்காப்பகப் படிப்பு. என் அனுபவத்தையும் கேளுங்கள்.

நானும் அங்கே கணக்குத் திறந்தேன். முதல் மாதத்தில் வந்த செய்திகளில் பாதி "உங்கள் புன்னகை அழகு" ரகம். வயதில் அப்பா மாதிரி இருப்பவர், ப்ரொஃபைலில் முப்பது வருட அனுபவம், ராத்திரி ஒரு மணிக்கு "தூங்கவில்லையா?" என்கிறார். இல்லைதான், அதற்காகவா? இன்னொருவர் ரெக்ரூட்டர் என்று வந்தார். மூன்று நாள் நன்றாகப் பேசினார். நான்காம் நாள் "பயிற்சிக் கட்டணம்" கேட்டார். வேலைக்கு எடுக்கிறவன் எதற்கு என்னிடம் பணம் கேட்க வேண்டும் என்று அப்போதுதான் உறைத்தது. அதுவரை அடையாள அட்டை நகல் வரை அனுப்பியிருந்தேன்.

கணக்கு இருந்தே ஆக வேண்டும், மதிப்பெண் உண்டு என்று சொல்கிற ஆசிரியர்கள் இதையெல்லாம் ஒரு வகுப்பாவது எடுத்தார்களா? 2012-ல் லிங்க்ட்இன்னிலிருந்து 65 லட்சம் கடவுச்சொற்கள் கசிந்தன என்றார்கள். 2016-ல் பார்த்தால் அதே திருட்டில் போனது 11 கோடிக்கும் மேல். நம் பிறந்த தேதி, போன் எண், வீடு இருக்கும் இடம் எல்லாம் அதில் எதற்கு?

#10 கொக்கி
பிறந்த தேதியும் போன் எண்ணும் தேவையே இல்லை தோழி. யார் உங்களுக்கு அழைப்பு அனுப்பலாம், தேடுபொறியில் ப்ரொஃபைல் தெரிய வேண்டுமா என்பதையெல்லாம் அமைப்புகளில் மாற்றலாம். 2024-ல் பல நாடுகளில் நம் பதிவுகளைச் செயற்கை நுண்ணறிவுப் பயிற்சிக்கு எடுத்துக்கொள்ளும் வசதியை அவர்களாகவே இயக்கி வைத்தார்கள். அதையும் அங்கேயே அணைக்கலாம்.

#11 தூக்கமில்லாதவள்
"கதவைப் பூட்டிக்கொள்" என்பது திருடனுக்குப் பதில் ஆகாது. சரி, அமைப்புகளை மாற்றினேன், செய்தி குறைந்தது, அதை ஒப்புக்கொள்கிறேன். கணக்கை இன்னும் மூடவில்லை. என் துறையில் வேலை செய்கிற நான்கு பேரை நான் பார்த்ததே அங்கேதான். அந்த எரிச்சலும் இருக்கிறது.

#12 வானம்பாடி21
எல்லோருக்கும் நன்றி. கொக்கி அண்ணா சொன்ன பகுதியைத் திறந்தேன். எங்கள் துறையில் படித்து உற்பத்திப் பிரிவில் இருக்கும் அக்கா ஒருவர் கிடைத்தார். இப்படி எழுதி வைத்திருக்கிறேன், இன்னும் அனுப்பவில்லை:

"மதிப்பிற்குரிய மேடம், நான் இறுதி ஆண்டு மாணவன். கடின உழைப்பாளி, எதையும் விரைவில் கற்பவன். தங்கள் மேலான நிறுவனத்தில் ஏதேனும் வாய்ப்பு இருந்தால் தயவுசெய்து தெரிவிக்கவும்."

#13 சல்லடை
அனுப்பாதீர்கள்!

இதில் உங்கள் பெயரை எடுத்துவிட்டு உங்கள் வகுப்பில் வேறு யார் பெயரைப் போட்டாலும் பொருந்தும். "ஏதேனும் வாய்ப்பு" என்றால் தேடுகிற வேலையை அவர் தலையில் கட்டுகிறீர்கள். அவருக்குத் தெரிந்த, உங்களுக்குத் தெரியாத ஒன்றைக் கேளுங்கள். என்ன ப்ராஜெக்ட் செய்தீர்கள்?

#14 வானம்பாடி21
துளையிடும் ஜிக், அதாவது பீஸைக் கிளாம்பில் பிடித்து, புஷ் என்ற குழாய் வழியாக ட்ரில்லைச் சரியான இடத்தில் இறக்கும் சாதனம். நாற்பது பீஸ் போட்டோம். போகப் போகத் துளை 0.2 மில்லிமீட்டர் தள்ளிப்போகிறது. ஏனென்று தெரியாமலே அறிக்கை எழுதிக் கொடுத்துவிட்டோம்.

#15 சல்லடை
இதை வைத்துக்கொண்டா "கடின உழைப்பாளி" என்று எழுதினீர்கள்? இப்படி எழுதுங்கள்:

"வணக்கம். நீங்கள் படித்த துறையில் இறுதி ஆண்டு. நாங்கள் செய்த துளையிடும் ஜிக்கில் நாற்பது பீஸுக்குள் துளை 0.2 மி.மீ. தள்ளிப்போகிறது. புஷ் தேய்கிறதா, கிளாம்ப் பிடியில் பீஸ் வளைகிறதா என்று பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. நீங்கள் இதை எப்படிச் சரிபார்ப்பீர்கள்? இரண்டு வரி போதும்."

வேலை என்ற சொல்லே அதில் இல்லை, பாருங்கள். பதில் வராவிட்டால் பத்து நாள் கழித்து ஒரு முறை நினைவூட்டலாம். அதற்கு மேல் வேண்டாம்.

#16 முனகல்மன்னன்
இந்தச் செய்தி எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். இதில் வேலை செய்தது தளமா, ஜிக்கா? அந்த நாற்பது பீஸ் போடாதவன் என்ன எழுதுவான்? நான் முதலிலிருந்து சொல்வது அதைத்தான்.

#17 கொக்கி
ஜிக் செய்தவன் அதை யாரிடம் கேட்பான் என்பதைத்தான் நானும் முதலிலிருந்து சொல்கிறேன்.

#18 முனகல்மன்னன்
ஆசிரியரிடம் கேட்பான். அவர்தான் கனெக்‌ஷன் எண்ணிக்கொண்டிருக்கிறாரே. வானம்பாடி, அவரிடமே போய் "500-க்குப் பதிலாக, துறையில் உள்ள மூன்று பேரோடு பேசியதை எழுதிக் கொடுத்தால் மதிப்பெண் தருவீர்களா?" என்று கேளுங்கள்.

#19 வானம்பாடி21
பத்து நாள் கழித்து வருகிறேன், மன்னிக்கவும்.

ஆசிரியரிடம் கேட்டேன். யோசனை நல்லதுதானாம், ஆனால் படிவத்தில் எண் போடும் கட்டம்தான் இருக்கிறதாம், மாற்ற முடியாதாம்.

அந்த அக்கா பதில் போட்டார். முதல் பீஸையும் கடைசிப் பீஸையும் கிளாம்பில் இருக்கும்போது ஒரு முறை, கழற்றி ஒரு முறை அளந்து அனுப்பச் சொன்னார், டிராயிங்கையும் சேர்த்து. டிராயிங்கில் டாலரன்ஸே போடவில்லை என்பது இப்போதுதான் தெரிகிறது. இன்று ராத்திரி அதுதான் வேலை.

எண்ணிக்கை இப்போது 61. அக்கா ஒருவர், இன்னொருவர் அந்தப் பல் மருத்துவர். அவர் மட்டும் உடனே ஒப்புக்கொண்டுவிட்டார்.