தொற்றிய சிவப்பணு புரளாமல் ஒட்டி நின்றுவிடுகிறது: மாதிரியில் எதைத் திருத்துவது?

மலேரியா ஒட்டுண்ணியான பிளாஸ்மோடியம் ஃபால்சிபாரம் தொற்றிய சிவப்பணு, ஐகேம்-1 (இரத்தக்குழாய்ச் சுவரில் உள்ள, இவ்வணு பற்றிக்கொள்ளும் ஏற்பிப் புரதம்) பூசிய சுவரில் ஒட்டி நகர்வதைக் கணினியில் உருவகப்படுத்த முயன்று, ஆறு வாரங்களாக ஒரே இடத்தில் சிக்கியிருக்கிறேன். ஆய்வகச் சோதனைகளில் இத்தகைய அணு புரண்டு புரண்டு செல்கிறது. என் மாதிரியிலோ முதல் தொடுகையிலேயே அசையாமல் ஒட்டிக்கொள்கிறது, அல்லது ஒட்டாமலே ஓட்டத்தோடு போய்விடுகிறது. இடைநிலை கிடைப்பதே இல்லை.

அணுச்சவ்வு 500 புள்ளிகள் கொண்ட சுருள்வில் வலையாகவும், சுற்றியுள்ள திரவம் லாம்ப்ஸ் (LAMMPS) என்னும் துகள் உருவகப்படுத்தல் மென்பொருளில் துகள்களாகவும் அமைந்துள்ளன. சுவரில் சறுக்குத் தகைவு (ஓட்டம் சுவர்ப்பரப்பின் ஓரலகை அதன் போக்கில் இழுக்கும் விசை) 0.1 பாஸ்கல், சவ்வின் விறைப்பு நலமான அணுவைப் போல 20 மடங்கு, பிணைப்புகள் அறுவதற்கு பெல் வாய்பாடு (இழுவிசை கூடக் கூட அறும் வீதம் அடுக்குக்குறி முறையில் உயரும் என்பது).

காலப்படியைப் பாதியாக்கியும் மாற்றமில்லை. அறும் வீதத்தைப் பத்து மடங்கு உயர்த்தியபோது, ஒட்டுதலிலிருந்து விடுபடுதலுக்குத் தாவும் எல்லை மட்டுமே நகர்ந்தது. சுவரின் ஏற்பிகளைப் பாதியாகக் குறைத்தால் அணு மிதந்து விலகுகிறது. ஒட்டுண்ணிக்குப் பதிலாக உள்ளே ஒரு திண்மப் பொருளை வைத்தபோது ஒரே ஒரு முறை புரண்டு நின்றது. இதுவரை கண்ட நம்பிக்கை தரும் அறிகுறி அதுதான். பிணைப்புகளை நீக்கினால் அணு இயல்பாகவே சுழல்வதால், திரவப் பகுதியில் பிழையில்லை என்று கருதுகிறேன்.

என் ஐயம் வலையின் மீதே விழுகிறது: புள்ளிகளுக்கிடையே சுமார் அரை மைக்ரோமீட்டர் இடைவெளி இருக்க, ஒட்டுண்ணியால் சவ்வில் உண்டாகி, சுவரைப் பற்றும் முண்டுகளோ ஏறத்தாழ 100 நானோமீட்டர் அகலமே உடையவை; ஆகவே ஒரு புள்ளி பல முண்டுகளின் பிணைப்பை ஒருசேரச் சுமக்கிறது.

இவ்வலையை வைத்துக்கொண்டே பிணைப்பு வீதங்களை அளவுமாற்றிப் புரளலைப் பெற முடியுமா, அல்லது வலையை நுண்மையாக்குவதே வழியா?