பரமக்குடி பக்கம் யாராவது போர் (ஆழ்துளைக் கிணறு) போடுகிறீர்களா?

வணக்கம். மதுரையில் எம்.எஸ்சி. ஜியாலஜி படிக்கிறேன். நம்ம மதுரையில் போர் போட்டால் சீக்கிரமே பாறைத்தூள் பறக்கும். மானாமதுரை தாண்டி ராமநாதபுரம் வரை கதையே வேறு: ஆறும் கடலும் கொண்டுவந்து போட்ட மணலும் களிமண்ணும் அடுக்கடுக்காகக் கிடக்கின்றன. தண்ணீர் ஊறி நிற்பது மணலில். களிமண் மூடிபோல இருந்து உப்புநீர் கலக்காமல் தடுக்கும். அந்த மூடியைத் துளைத்துவிட்டுக் குழாயைச் சுற்றிச் சரியாக அடைக்காவிட்டால் நல்ல தண்ணீரும் கெட்டுவிடும். எந்த அடுக்கு எத்தனை அடியில் என்று வரைந்து பார்க்கிறேன்.

அந்தப் பக்கம் போர் போடுபவர்கள், 10 அடிக்கு ஒரு கைப்பிடி மண்ணைக் கவரில் போட்டு ஆழத்தை எழுதி வையுங்கள். நானே வந்து வாங்கிக்கொள்கிறேன். கழுவ மட்டும் வேண்டாம், ப்ளீஸ்! போன தடவை ஒரு அண்ணன் பளிச்சென்று அலசிக் கொடுத்தார்; களிமண் போயே போச்சு. அப்புறம், அங்கே கிணறு வெட்டிய தாத்தாக்கள் இருந்தாலும் சொல்லுங்கள்.