பயன்பாட்டு மொழியியல் முதுகலை: ஆய்வேட்டுத் தலைப்பை எங்கே வெட்டுவது?

அடிச்சொல்:
இலக்கியத்தில் இளங்கலை முடித்து, பயன்பாட்டு மொழியியலில் முதுகலை சேர்ந்திருக்கிறேன். ஆய்வேட்டுக்கு ஒரே ஒரு பருவம்தான். யோசித்து வைத்திருக்கும் தலைப்பு: தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் ஆங்கிலக் கட்டுரையில் செய்யும் பிழைகளும் அவற்றைத் திருத்தும் முறைகளும். இரண்டு வகுப்புகள், வகுப்புக்கு 15 பேர். ஒரு வகுப்பில் ஆசிரியரே பிழையைத் திருத்தித் தருவார். மற்றதில் பிழைக்கு அடியில் கோடு மட்டும் போடுவார். கூடவே 10 பேரிடம் தமிழில் பேட்டி. நெறியாளர் "அகலம் அதிகம்" என்கிறார். எதை விடுவது? புள்ளியியல் எவ்வளவு வேண்டும்? பேட்டிகளை எழுத்தாக்க எவ்வளவு நேரம் ஒதுக்கலாம்?

உருபன்:
நெறியாளர் சொல்வது சரிதான். உங்கள் தலைப்புக்குள் இரண்டு ஆய்வேடுகள் இருக்கின்றன. "என்ன பிழை வருகிறது" என்பது விவரிப்பு. "எந்தத் திருத்தம் பலன் தருகிறது" என்பது சோதனை. இரண்டுக்கும் தரவு வேறு, கணக்கும் வேறு. ஒன்றை விடுங்கள்.

சோதனைதான் வேண்டுமென்றால் முதலில் வடிவமைப்பை மாற்ற வேண்டும். ஒரு வகுப்புக்கு ஒரு வகைத் திருத்தம் என்று வைத்தால், கடைசியில் தெரியும் வேறுபாடு திருத்தத்தால் வந்ததா, ஆசிரியரால் வந்ததா, வகுப்பின் தரத்தால் வந்ததா என்று பிரிக்கவே முடியாது. திருத்தம் தாளில்தானே போகிறது? ஒவ்வொரு வகுப்புக்குள்ளும் குலுக்கல் முறையில் பாதிப் பேருக்கு ஒரு வகை, மீதிப் பேருக்கு மற்ற வகை கொடுங்கள். இந்தச் சிக்கலில் பெரும்பகுதி அங்கேயே தீர்ந்துவிடும்.

அப்புறம் எண்ணிக்கை. விளைவின் அளவை கோஹனின் டி என்ற எண்ணால் குறிப்பார்கள்; இரு குழுச் சராசரிகளின் வேறுபாட்டைத் திட்ட விலக்கத்தால் வகுத்தால் வருவது அது. இல்லாத விளைவை இருப்பதாக எண்ணிவிடும் வாய்ப்பை 5 விழுக்காட்டோடு நிறுத்தி, இரு குழுச் சராசரிகளை ஒப்பிடும் இருபக்க டி-சோதனையில், உண்மையான விளைவைக் கண்டுபிடிக்க 80 விழுக்காடு வாய்ப்பு வேண்டுமென்றால், டி 0.5 ஆக இருக்கையில் குழுவுக்கு 64 பேர் தேவை, 0.7 என்றால் 34, 1.0 என்றால் 17. உங்கள் 15 பேரை வைத்து 1.0ஐத் தாண்டிய மிகப் பெரிய விளைவைத்தான் நம்பிக்கையோடு பிடிக்கலாம். "வேறுபாடு இல்லை" என்று முடிவு வந்தால், உண்மையிலேயே இல்லையா, ஆள் போதவில்லையா என்று சொல்ல வழியில்லை. தேர்வாளர் கேட்கும் முதல் கேள்வியும் அதுதான்.

இன்னொன்று: திருத்திய அதே கட்டுரையை மறுபடி எழுதவைத்து அளக்கக் கூடாது. ஆசிரியர் போட்ட திருத்தத்தைப் பார்த்து எழுதுவது நகலெடுத்தல்; கற்றல் ஆகாது. புதிய தலைப்பில் உடனே ஒரு கட்டுரை, மூன்று நான்கு வாரம் கழித்து மற்றொன்று, இவை இரண்டும் வேண்டும். ஒரு பருவத்துக்குள் இது மிகவும் நெருக்கும்.

என் கருத்து, விவரிப்பை எடுங்கள். ஆனால் எல்லாப் பிழைகளையும் அல்ல. ஒரே ஒரு கூறு: ஆர்ட்டிகிள், அதாவது 'எ', 'அன்', 'தி'. தமிழில் 'ஒரு'வும் 'அந்த'வும் இருந்தாலும், ஆங்கிலத்தில் போலப் பெயர்ச்சொல்லுக்கு முன் கட்டாயமாக வர வேண்டிய சொல் கிடையாது. அதனால் கேள்விக்கு மொழியியல் அடித்தளம் கிடைக்கிறது.

பிழைகளை மட்டும் எண்ணுவது இந்தத் துறையின் பழைய கண்ணி. ஒருவர் கட்டுரையில் ஆர்ட்டிகிள் வர வேண்டிய இடம் 20, விட்டது 8. இன்னொருவரிடம் 5 இடம், விட்டது 4. பிழைக்கணக்கில் இரண்டாமவர் தேர்ந்தவர்போலத் தெரிவார். சரியாகப் போட்ட விகிதம் பார்த்தால் முதலாமவர் 60 விழுக்காடு, இரண்டாமவர் 20. ஆகவே வர வேண்டிய இடங்கள் எல்லாவற்றையும் முதலில் குறியுங்கள். வரக்கூடாத இடத்தில் போட்டதைத் தனியாக எண்ணுங்கள். 1974இல் மொழியியலாளர் ஷாக்டர் காட்டியதும் இதைத்தான்: சீன, ஜப்பானிய மாணவர்கள் ஆங்கிலத்தின் பெயரெச்சத் தொடர்களில் குறைவாகப் பிழை செய்தார்கள், காரணம், அந்தத் தொடர்களையே அவர்கள் தவிர்த்தார்கள்.

ஒலியன்:
பேட்டி பற்றி மட்டும். ஒரு மணி நேரப் பேச்சை எழுத்தாக்கக் குறைந்தது 5, 6 மணி நேரம் ஆகும். இடைநிறுத்தம், பேச்சு மேல் பேச்சு ஏறுவது எல்லாம் குறித்தால் அதைப்போலப் பல மடங்கு. அவர்கள் என்ன சொன்னார்கள் என்பது மட்டும் உங்களுக்குத் தேவையென்றால் நுணுக்கக் குறியீடு வேண்டாம். நேரக்குறி வேண்டுமென்றால் ஈலான் என்ற மென்பொருள் போதும், ஒலியை அளக்கப் ப்ராட் என்ற மென்பொருள்.

தமிழ்ப் பேச்சை எழுதும்போது ஒரு முடிவை முதல் நாளே எடுத்துவிடுங்கள். பேசியது "வந்துட்டேன்"; எழுதுவது "வந்துட்டேன்" என்றா, "வந்துவிட்டேன்" என்றா? பேச்சு வழக்கையே எழுதுவதென்றால் ஒவ்வொரு வடிவத்துக்கும் ஒரே எழுத்துக்கோவை என்று ஒரு பட்டியல் வைத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் அவங்க, அவுங்க, அவெங்க என்று ஒரே சொல் மூன்றாகப் பிரிந்து, தேடும்போது பாதி கிடைக்காது.

எழுத்தாக்கியதைத் தரவகக் கருவியில், அதாவது சொற்களைத் தேடி எண்ணும் மென்பொருளில், போடுவதாக இருந்தால் இரண்டு இடத்தில் கவனம். ஒன்று, பைத்தான் நிரல்மொழியின் வழக்கமான சொல் தேடல் குறி (\w) உயிர்மெய்க் குறிகளையும் புள்ளியையும் எழுத்தாகக் கணக்கில் எடுக்காது. "தமிழ்" என்பது "தம", "ழ" என்று இரண்டு துண்டாகிவிடும். சொல் வரையறையில் யூனிகோடில் இந்தக் குறிகள் அடங்கும் 'மார்க்' வகையையும் சேர்க்க வேண்டும். ஆன்ட்காங்க் போன்ற தரவகக் கருவிகளிலும் சொல் வரையறை அமைப்பைப் பார்த்துவிடுங்கள். இரண்டு, "கொ"வின் கொம்பும் காலும் ஒரே குறியாகவும் இரண்டு குறியாகவும் பதிவாகலாம். கண்ணுக்கு வேறுபாடு தெரியாது, கணினிக்கு அவை இரண்டு சொற்கள். எண்ணுவதற்கு முன் எல்லாக் கோப்பையும், இரண்டையும் ஒரே குறியாக்கும் யூனிகோடின் என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றுங்கள்.

அடிச்சொல்:
விவரிப்பையே எடுக்கிறேன். ஆர்ட்டிகிள் மட்டும். பேட்டியை விட்டுவிடலாமா? வர வேண்டிய இடம் எது என்று நான் ஒருவனே முடிவு செய்தால் ஏற்பார்களா?

உரைகோள்:
பேட்டியை விடுங்கள். பிழைக்கான காரணத்தை எழுதியவரிடம் கேட்டால் பெரும்பாலும் பள்ளி இலக்கண விதிதான் பதிலாக வரும். உங்கள் கேள்விக்கு அது உதவாது.

ஒருவர் முடிவு போதாது. கட்டுரைகளில் ஐந்தில் ஒரு பங்கை, முன்முடிவு இல்லாத இன்னொருவரிடம் தனியாகக் குறிக்கக் கொடுங்கள். அதற்குமுன் இருவரும் வேறு சில கட்டுரைகளில் பழகி, சந்தேக இடங்களுக்கு விதி எழுதிக்கொள்ள வேண்டும். எண்ணக்கூடிய பெயரா என்பதிலும், ஒன்று முன்பே சொல்லப்பட்டதா என்பதிலும்தான் சண்டை வரும்.

ஒத்துப்போன விழுக்காட்டை மட்டும் எழுதாதீர்கள். 100 இடத்தில் இருவரும் 90ஐ 'தேவை' என்றும் 10ஐ 'தேவையில்லை' என்றும் குறித்திருக்க, 88 இடத்தில் ஒத்துப்போனார்கள் என்று வைத்துக்கொள்வோம். கேட்க நன்றாக இருக்கும். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு அதே விகிதத்தில் குறித்தாலே 82 ஒத்துப்போகும். தற்செயலாக ஒத்துப்போவதைக் கழித்துப் பார்க்கும் கோஹனின் கப்பா (முழுதும் ஒத்துப்போனால் 1) கணக்கிட்டால் வருவது 0.33. அப்படி வந்தால் கணக்கைத் திருத்த முயலாதீர்கள். விதியைத் திருத்தி, வேறு கட்டுரைகளில் மறுபடி குறியுங்கள்.

புள்ளியியலுக்கு விகிதம், சராசரி, பரவல், கப்பா இவ்வளவு போதும். மாணவர் ஒவ்வொருவரின் விகிதத்தையும் தனித்தனிப் புள்ளியாக வரைபடத்தில் காட்டுங்கள். 30 பேருக்குச் சராசரி மறைப்பதை அது காட்டிவிடும். நெறிமுறைக் குழு அனுமதி கைக்கு வருமுன் ஒரு கட்டுரைகூட வாங்க வேண்டாம். பின்தேதியிட்டு ஒப்புதல் தர மாட்டார்கள், வாங்கிய தரவும் வீணாகும். விண்ணப்பத்தை இந்த வாரமே எழுதத் தொடங்குங்கள்.