புதுப்பிப்பு: பாம்பன் அருகே மூழ்கிய படகு, தண்ணீருக்குள் குளிர் நடுக்கம்

பாம்பன் பக்கம் மூழ்கிக் கிடக்கும் சின்ன விசைப்படகைப் பார்க்க ஸ்கூபாவில் (முதுகில் காற்று உருளையோடு) இறங்கினால், 27 டிகிரி தண்ணீரில்கூட இரண்டாவது முறை இறங்கும்போது பல் தந்தியடிக்கிறதே, ஏன் என்று மார்கழியில் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி. தண்ணீர் காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு வேகமாக உடல் சூட்டை இழுக்கும் என்பதெல்லாம் சரி, ஆனால் பலித்தது கீழக்கரை அண்ணன் சொன்னதுதான்: வெட்சூட் (தண்ணீருக்குள் குளிர் தாங்கப் போடும் ரப்பர் உடை) தொளதொளவென்று இருந்தால் போடாததற்குச் சமம். வாடகை உடையில் குனியும்போதெல்லாம் கழுத்து வழியாக முதுகில் சில்லென்று தண்ணீர் இறங்கியது அப்புறம்தான் உறைத்தது. உடம்போடு ஒட்டும் 3 மில்லிமீட்டர் உடை வாங்கினேன். வாடை அடங்கியதும் போன வாரம் இரண்டு முறை இறங்கினேன், நடுக்கமே இல்லை. புரொப்பல்லரில் சுற்றிக்கிடந்த வலையையும் அதனடியில் குடியிருந்த களவா மீனையும் நிதானமாகப் பார்த்தேன். எதிர்பாராதது ஒன்று: புது உடை மிதக்கிறது, முதலில் கீழே போகவே முடியவில்லை, இடுப்பில் ஒன்றரைக் கிலோ ஈயம் கூட்ட வேண்டியதாயிற்று.