சிசிலித் தீவைக் குடும்பத்தோடு காரில் சுற்றியவர்கள்: கண்ணை விட்டுப் போகாத ஒரே ஒரு இடம்

கேள்வி இதுதான்: இத்தாலியின் சிசிலியில் நீங்கள் பார்த்ததில் மனதில் நின்ற ஒரே ஒரு இடம் எது? புனைபெயர்களில் வந்த பதில்கள் கீழே.

வண்டிச்சாவி

கூசா கல்குவாரி. பழைய கிரேக்க நகரமான செலினுந்தேயோட கோயில்களைப் பார்த்தவங்கள்லயே பாதிப் பேர் இங்க எட்டிப் பார்க்கறதில்லை.

பாறைக்குள்ள பாதி வெட்டின தூண் உருளை ஒண்ணு நட்டுக்குத்தலா நிக்குது. அதைச் சுத்தி வட்டமா ஒரு பள்ளம். ஒரு ஆள் இறங்கி நின்னு உளியைப் போட எவ்வளவு இடம் வேணுமோ அவ்வளவுதான் அகலம். மேலிருந்து கீழே வெட்டிக்கிட்டே வந்திருக்காங்க, அடி மட்டும் இன்னும் பாறையோட ஒட்டியிருக்கு. உளித்தடம் நேத்து போட்ட மாதிரி தெளிவா இருக்கு. கி.மு. 409-ல வட ஆப்பிரிக்காவோட கார்த்தேஜ் படை செலினுந்தே மேல விழுந்துச்சு, வேலை அந்த இடத்துலயே நின்னுபோச்சு. வெட்டி முடிச்ச சில உருளைங்க குவாரிக்குள்ளயே உருண்டு கிடக்கு.

அந்த உருளை எதுக்குன்னு தெரிய செலினுந்தேயில 'ஜி' கோயில் இடிபாட்டுக்குப் போகணும். தூண் ஒவ்வொண்ணும் 16 மீட்டர் உயரம், அடியில 3.4 மீட்டர் குறுக்களவு. இப்ப அது ஒரு கற்குன்று. நடுவுல ஒத்தைத் தூண் மட்டும் நிக்குது, அதுவும் 1832-ல தூக்கி நிறுத்தினது.

ஏ29 நெடுஞ்சாலையில கம்போபெல்லோ தி மத்சாரா வெளிவழி, அந்த ஊர்லேர்ந்து சுமார் 3 கிலோமீட்டர். கடை கண்ணி கிடையாது. ஆலிவ் மரத்தைத் தவிர நிழலும் கிடையாது. ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணி கார்லயே இருக்கட்டும். தரை கரடுமுரடு, பள்ளத்துக்குத் தடுப்பு எல்லா இடத்துலயும் இல்லை, சின்னப் பிள்ளைங்களுக்குச் செருப்பு வேண்டாம், ஷூ போட்டு விடுங்க. குவாரியை முதல்ல பார்த்துட்டு அப்புறம் செலினுந்தே போங்க. மாத்திப் போனா ரெண்டும் தனித்தனியா கல்லாத்தான் தெரியும்.

கல்தச்சன்

குவாரி சரி. ஆனால் பார்க்க வேண்டிய வரிசை அங்கே தொடங்கவில்லை, செஜெஸ்தா என்ற பழைய நகரத்தில் தொடங்குகிறது. அதற்குச் செலினுந்தேயோடு ஓயாத எல்லைச் சண்டை. கார்த்தேஜை உதவிக்கு அழைத்ததே செஜெஸ்தாக்காரர்கள்தான். கூசாவில் உளி நின்றதற்குக் காரணமானவர்களின் கோயிலும் முடியாமல் நிற்கிறது. இதைத் தெரிந்துகொண்டு பார்த்தால் பார்வையே வேறு.

அந்தக் கோயிலில் எல்லோரும் தூண்களை அண்ணாந்து பார்க்கிறார்கள். குனிந்து படிக்கட்டைப் பாருங்கள். கல் ஒவ்வொன்றின் முகத்திலும் குமிழ் குமிழாகப் புடைப்புகள் விட்டிருக்கும். கயிறு கட்டித் தூக்கி வைக்க விட்டவை அவை. கட்டி முடித்த பிறகு செதுக்கி எடுத்துவிட வேண்டும். யாரும் எடுக்கவில்லை. தூண்கள் 36, ஒன்றிலும் நெடுக்காகக் கொத்தும் பள்ளவரி இல்லை. அதுவும் கடைசி வேலைதான். நிற்க வைத்த பிறகே வரி கொத்துவார்கள். கருவறைச் சுவரும் இல்லை, கூரையும் இல்லை. ஒரு கிரேக்கக் கோயிலை எந்த வரிசையில் கட்டினார்கள் என்பதை முடிந்த கோயில் மறைத்துவிடும். இது சொல்லிவிடுகிறது.

நாடக அரங்கு பார்பரோ மலை உச்சியில். சொந்த வண்டியை மேலே விட மாட்டார்கள். சிற்றுந்து உண்டு, அதற்குத் தனிச் சீட்டு. வயதானவர்கள் இருந்தால் சிற்றுந்தை முதலில் பிடித்து அரங்கை முடித்துவிட்டுக் கோயிலுக்கு வருவது நல்லது.

வழியில் ஒரு சிக்கல்: செஜெஸ்தா இருப்பது ஏ29-இன் திராப்பானி கிளையில். அங்கிருந்து செலினுந்தே போக அல்காமோ பிரிவு வரை திரும்பி வந்து மத்சாரா திசையைப் பிடிக்க வேண்டும். வரைபடச் செயலி சில நேரம் ஊர்ச்சாலை வழியாக "குறுக்கே" இழுக்கும். தூரம் குறையும், நேரம் குறையாது.

நிழல்தேடி

ரெண்டு பேரும் ஜூலை மாசத்துல நாலு வயசுக் குழந்தையோட போகலைன்னு தெரியுது. ஒரே நாள்ல செஜெஸ்தா, கூசா, செலினுந்தே மூணும்னா மத்தியானம் 2 மணிக்குக் குவாரியில நிக்கணும். அது வரலாறு இல்ல, வதை. வெயில் காலத்துல செலினுந்தேயைத் திறந்தவுடனே முடிங்க. கிழக்குக் குன்றுக்கும் கோட்டைக் குன்றுக்கும் நடுவுல மின் வண்டி ஓடுது, நடந்தா குழந்தை பாதியில உட்காந்துடும். 'ஈ' கோயில் 1950-கள்ல திரும்ப நிறுத்தினது, உள்ளேயே ஏறிப் போகலாம். பிள்ளைங்களுக்கு அது ஒண்ணு போதும்.

கணக்குப்பிள்ளை

அக்ரிஜென்தோ, கொன்கோர்தியா கோயில். பக்கவாட்டிலிருந்து பாருங்கள். உள்சுவரில் வரிசையாக வளைவுகள் வெட்டியிருக்கும். கிரேக்கர் வெட்டியது இல்லை, கி.பி. 6-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இதைத் தேவாலயம் ஆக்கியபோது வெட்டியது. தூண்களின் இடைவெளியையும் அப்போது சுவர் வைத்து அடைத்தார்கள். புழக்கத்தில் இருந்ததால் பிழைத்தது. பக்கத்துக் கோயில்கள் கல்லுக்காகப் பிரிக்கப்பட்டன. கோயில் வளாகத்தின் நுழைவாயில்களில் ஜூனோ வாயில் மேட்டில், ஐந்தாம் வாயில் பள்ளத்தில். காரைப் பள்ளத்தில் விட்டு, டாக்சியில் மேலே போய், இறங்கி நடந்து காருக்கு வந்து சேருங்கள். இடம் பற்றி அவ்வளவுதான்.

வாடகைக் காரைப் பற்றி ஒருவரும் எழுதாததால் எழுதுகிறேன்.

கடன் அட்டை ஓட்டுநர் பெயரில் இருக்க வேண்டும். மனைவி பெயரில் முன்பதிவு, கணவர் அட்டை என்றால் கவுண்டரிலேயே நின்றுவிடும். காருக்காக அட்டையில் நிறுத்திவைக்கும் முன்பணப் பிடிப்புக்குப் பற்று அட்டையைப் பல இடங்களில் ஏற்க மாட்டார்கள். இந்திய உரிமத்தோடு ஆர்.டி.ஓ. தரும் ஓராண்டுப் பன்னாட்டு உரிமமும் வேண்டும். சாவி வாங்கியதும் நான்கு சக்கர விளிம்பு, முன் கண்ணாடி, பம்பரின் அடிப்பக்கம் மூன்றையும் தேதி தெரியும்படி படம் எடுங்கள். தகராறு வருவது இந்த மூன்றில்தான். அங்கே கல் சந்துகள் குறுகல், விளிம்பு உரசும்.

150 சென்டிமீட்டர் உயரத்துக்குக் கீழே உள்ள பிள்ளைக்குத் தனி இருக்கை சட்டப்படி கட்டாயம். 4 வயதுக்குக் கீழே என்றால் குழந்தையைக் காரில் மறந்தால் ஒலிக்கும் கருவியும் 2019 முதல் கட்டாயம். இருக்கையோடு அது வருகிறதா என்று முன்பே எழுதிக் கேளுங்கள்.

எரிபொருள்: பெட்ரோல் 'பென்ட்சீனா', டீசல் 'கசோலியோ'. குழம்பினால் மூடிக்குள் உள்ள ஒட்டுச்சீட்டைப் பாருங்கள்: வட்டத்துக்குள் எழுதியிருந்தால் பெட்ரோல், சதுரத்துக்குள் என்றால் டீசல். 'செர்வீத்தோ' வரிசையில் ஆள் ஊற்றுவார், லிட்டருக்குக் கூடுதல் விலை. உள்நாட்டுப் பகுதியில் மத்தியானமும் ஞாயிறும் ஆள் இருக்க மாட்டார்; இயந்திரம் மட்டுமே. அது அட்டையில் சுமார் 100 யூரோவைப் பிடித்துவைத்து, 40-க்கு ஊற்றினாலும் மீதியைச் சில நாள் கழித்தே விடும். முன்பணப் பிடிப்பு ஏற்கெனவே அட்டையை நிறைத்திருந்தால் இயந்திரம் மறுத்துவிடும். ஆகவே 20 யூரோ தாள்கள் இரண்டு தனியாக இருக்கட்டும்.

நிறுத்துமிடம்: நீலக்கோடு காசு, வெள்ளைக்கோடு இலவசம், மஞ்சள்கோடு உங்களுக்கு இல்லை.

பழைய நகரங்களில் இசட்.டி.எல். எனும், அனுமதியில்லாத வண்டிகளுக்கான தடை வட்டம் உண்டு. தடுப்புக் கட்டை இருக்காது, கேமரா மட்டும். பலகையில் 'வார்கோ ஆத்தீவோ' எரிந்தால் தடை நடப்பில் இருக்கிறது, உள்ளே போகாதீர்கள். 'நோன் ஆத்தீவோ' என்றால் போகலாம். ஒவ்வொரு நுழைவும் தனி அபராதம்; வழி தவறி மூன்று முறை சுற்றினால் மூன்று சீட்டு. அபராதம் ஊருக்கு வந்து சேர மாதக்கணக்காகும். அதற்கு முன்பே வாடகை நிறுவனம் உங்கள் முகவரியைக் காவல்துறைக்குக் கொடுத்ததற்கென்று தனிக் கட்டணம் பிடித்திருக்கும். அது அபராதம் அல்ல, அபராதம் பின்னால் வரும். விடுதி வட்டத்துக்குள் இருந்தால் வண்டி எண்ணைக் கொடுத்துப் பதியச் சொல்லுங்கள். எல்லா விடுதிக்கும் அந்த வசதி இல்லை.

நிழல்தேடி

கேட்டது ஒரு இடம். வந்தது ஒரு ஓட்டுநர் பள்ளி.

நான் சொல்ல வந்தது பியாட்சா ஆர்மெரினா பக்கத்துல காசாலே மாளிகை. 4-ஆம் நூற்றாண்டு ரோமானிய வீடு, தரை முழுக்கக் கல்பதிப்பு (மொசைக்), சுமார் 3,500 சதுர மீட்டர். பிகினி போட்ட பொண்ணுங்க படம் பதிச்ச அறையில எல்லாரும் அந்தப் படத்தைப் போட்டோ எடுத்துட்டு நகர்ந்துடுவாங்க. அதே அறையோட மூலையைப் பாருங்க. படம் பிஞ்ச இடத்துல கீழே இன்னொரு தரை தெரியும், வெறும் கோலக்கட்டம். பழைய தரையைப் பெயர்க்காம அது மேலயே புதுசைப் பதிச்சிருக்காங்க. வீட்டுக்காரங்களுக்கு அலங்காரம் அலுத்துப்போனது அந்த ஒரு மூலையில அப்பட்டமா தெரியுது.

பெரிய வேட்டை நடைக்கூடம் 60 மீட்டருக்கு மேல. ஆப்பிரிக்காவிலேர்ந்தும் கிழக்கேர்ந்தும் மிருகங்களைப் பிடிச்சுக் கப்பல்ல ஏத்துறதை முழுசா காட்டியிருக்காங்க. தெற்குக் கோடியில கிரிஃபின்னு கழுகுத் தலையும் சிங்க உடம்பும் சிறகும் வெச்ச கற்பனை மிருகம் ஒண்ணு கூண்டைக் கவ்விக்கிட்டு நிக்கும், கூண்டுக்குள்ள இரையா ஒரு மனுஷன். பிள்ளைங்க கேள்வி கேட்டே ஓய மாட்டாங்க.

பார்க்கறது எல்லாம் மேல் நடைபாலத்துலேர்ந்துதான். பாலம் குறுகல், சுற்றுலாக் கூட்டம் ரெண்டு சேர்ந்தா அடைச்சுக்கும். கைப்பிடிச் சுவர் சின்னப் பிள்ளைங்களுக்கு உயரம், தூக்கித்தான் காட்டணும். தள்ளுவண்டியை விட முதுகுல கட்டுற தூளிப்பை மேல். கூரைக்குக் கீழே புழுக்கம் அதிகம், காலையில போங்க.

அக்ரிஜென்தோவிலேர்ந்து வர்றதுனா ரெண்டு மணி நேரத்துக்குக் குறைச்சுக் கணக்குப் போடாதீங்க. 'எஸ்.பி.'னு தொடங்கற சாலை எல்லாம் மாகாணச் சாலை. களிமண் சரிவு, மழைக்கு அப்புறம் பாதி சாலை கீழே இறங்கியிருக்கும். 'ஸ்த்ராதா இன்தெர்ரோத்தா'னு பலகை இருந்தா சாலை அறுந்திருக்குன்னு அர்த்தம். செயலி என்ன சொன்னாலும் திரும்பிடுங்க.

பலெர்மோவாசி

எல்லாரும் கிரேக்கக் கல்லிலேயே நிக்கிறியள். பலெர்மோவிலை பெல்லெக்ரினோ மலைக் குகையைச் சொல்லுறன்.

சாந்தா ரொசாலியா எண்ட புனிதையின்ரை கோயில் முகப்பு சாதாரணமாத்தான் இருக்கும். உள்ளுக்குப் போனால் பாறைக் குகை. மேலை பாத்தால் கூரை முழுக்கத் துத்தநாகத் தகட்டு வாய்க்கால்கள், பாறையிலை இருந்து சொட்டுற தண்ணியை ஏந்திக் கொண்டுபோகுது. கும்பிடுற ஆக்களின்ரை தலையிலை விழாமல் செய்த ஏற்பாடு. அந்தத் தண்ணியைப் புனிதமெண்டு எடுப்பினம். 1624-லை கொள்ளைநோய்க் காலத்திலை அவவின்ரை எலும்புகள் இங்கைதான் கிடைச்சதெண்டு ஊர் நம்பிக்கை. அப்ப இருந்து நகரத்தின்ரை காவல் அவதான்.

இதிலை எங்கடை பங்கும் இருக்கு. பலெர்மோவிலை இருக்கிற ஈழத்தமிழர், வேதக்காரர் (கிறிஸ்தவர்) சைவக்காரர் எண்ட வித்தியாசமில்லாமல், ஞாயிறுகளிலை இந்த மலைக்கு வாறது வழக்கம். ஊர்த் திருவிழா ஜூலை 14 இரவு, மலைக்கு நடந்து ஏறுறது செப்டெம்பர் 4. அந்த நாட்களிலை வாகனத்தைத் தொடாதேங்கோ. மழைக்குப் பிறகு கல் விழுந்தால் பாதையைப் பூட்டுவினம், விசாரிச்சிட்டு ஏறுங்கோ.

கணக்குப்பிள்ளைக்கு ஒண்டு. பலெர்மோவுக்குள்ளை வாகனமே வேண்டாம். நகரத்தை நடந்து பாத்து முடிச்சிட்டு, வெளிக்கிடுற அண்டு காலமை வாகனத்தை எடுங்கோ. இசட்.டி.எல். பாடம் பாதி தேவைப்படாது.

நோர்மன் அரண்மனைச் சிற்றாலயத்துக்கு ஒரு தொலைநோக்கி கொண்டு போங்கோ, 8 மடங்கு காணும். தங்கக் கல்பதிப்பு வெறுங்கண்ணுக்கே தெரியும். மரக்கூரைதான் விசயம். தேன்கூடு மாதிரி அடுக்கிலை அராபியக் கலைஞர் கீறின சின்ன உருவங்கள்: குடிக்கிற ஆக்கள், வாத்தியக்காரர், சதுரங்கம் ஆடுற ரெண்டு பேர். 12-ஆம் நூற்றாண்டு, இரண்டாம் ரோஜர் அரசன். ஞாயிறு காலமை பூசை நேரம் உள்ளுக்கு விடாயினம். அரச அறைகள் கிழமை நடுவிலை பூட்டு, அங்கை தீவின்ரை பாராளுமன்றம் நடக்குது. தோள் மூடின உடுப்புப் போடுங்கோ.

கல்தச்சன்

கணக்குப்பிள்ளை கொன்கோர்தியாவைத் தேவாலயம் ஆக்கியதால் பிழைத்தது என்றார். அதே செய்தியின் முழு வடிவம் சிரகூசாவில் இருக்கிறது. அக்ரிஜென்தோவில் 18-ஆம் நூற்றாண்டில் தேவாலயப் பகுதிகளைக் கழற்றிவிட்டு மறுபடி கோயிலாகக் காட்டினார்கள். சிரகூசா பேராலயத்தில் கழற்றவில்லை. கி.மு. 480 ஹிமெரா போருக்குப் பின் சிரகூசாவை ஆண்ட கெலோன் கட்டிய அத்தீனா கோயிலின் தூண்கள் இன்றும் சுவருக்குள் நிற்கின்றன. முகப்பு 18-ஆம் நூற்றாண்டின் அலங்காரமான பரோக் பாணி. அதைப் பார்த்து ஏமாறாமல் இடப்பக்கம் மினெர்வா தெருவுக்குத் திரும்புங்கள். சுவரிலிருந்து பழைய கிரேக்க டோரிக் பாணித் தூண்கள் பாதி உடலை வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். இடையில் மசூதியாகவும் இருந்தது. 1693 நிலநடுக்கத்தில் முந்தைய முகப்பு போயிற்று, தூண்கள் போகவில்லை. உள்ளே போனால் அதே தூண்களின் மறுபாதி.

பேராலயம் இருக்கும் ஓர்திஜா தீவுக்குள் வண்டியைக் கொண்டுபோக வேண்டாம். பாலத்துக்கு முன்பே மோலோ சாந்தந்தோனியோ நிறுத்துமிடம் இருக்கிறது, அங்கிருந்து பேராலயம் நடை தூரம்.

நிழல்தேடி சொன்ன வெயில் நியாயம்தான். அப்படியானால் கூசாவை மாலைக்குத் தள்ளுங்கள். சாய்ந்த வெயிலில் உளித்தடம் இன்னும் நன்றாகத் தெரியும். மூடும் நேரத்தை மட்டும் முதல் நாளே பாருங்கள். பருவத்துக்குப் பருவம் மாறும்.

வண்டிச்சாவி

மாலைன்னா சரி, ஒத்துக்கறேன். குவாரிதான் முதல்லங்கறதை மட்டும் விட மாட்டேன்: மாலையில கூசா, பக்கத்துலயே தங்கல், மறுநாள் திறந்தவுடனே செலினுந்தே.

கணக்குப்பிள்ளை விட்டது ஒண்ணு. ஏ29-க்கும் ஏ19-க்கும் சுங்கம் கிடையாது. சிரகூசாவிலேர்ந்து வடக்கே தாவோர்மினா, மெஸ்ஸீனா போய்ச் செஃபலு வழியா பலெர்மோ திரும்பறவங்களுக்கு ஏ18, ஏ20 ரெண்டுலயும் சுங்கம் உண்டு. சாவடியில மஞ்சள் 'டெலிபாஸ்' வரிசை கருவி உள்ளவங்களுக்கு மட்டும். தெரியாம நுழைஞ்சுட்டா பின்னால எடுக்காதீங்க, உதவி பொத்தானை அழுத்துங்க. நாணயமும் கையும் போட்ட வெள்ளைப் பலகை வரிசையில ரொக்கம், நீலத்துல அட்டை. நுழையும்போது எடுக்கற சீட்டு காரோட முன் கண்ணாடி மேல மறைப்புல செருகியே இருக்கட்டும். தொலைஞ்சா அந்தச் சாலையோட கடைக்கோடியிலேர்ந்து வந்ததா கணக்குப் போட்டு வாங்கிடுவாங்க.